பேயர் 04 லெவர்குசன்: சாய ஆலையில் பிறந்த விளையாட்டுச் சங்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீக் பட்டம் வென்ற லெவர்குசன்தான் இந்தச் சங்கமா?

வேர் ஒன்றுதான். இன்று நிர்வாகம் தனித்தனி. கொலோனுக்குச் சற்று வடக்கே, ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் லெவர்குசனில் 'பேயர் 04' என்ற பெயரை இரண்டு அமைப்புகள் வைத்திருக்கின்றன. ஒன்று டிஎஸ்வி பேயர் 04 லெவர்குசன். தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், கூடைப்பந்து, ஹேண்ட்பால், வாலிபால், வாள்வீச்சு, ஜூடோ, குத்துச்சண்டை, மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு என்று பல பிரிவுகள் உள்ள, உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் சங்கம் அது. மற்றது தொழில்முறைக் கால்பந்தை நடத்தும் நிறுவனம். அதன் முழு உரிமையாளர் பேயர் மருந்து, ரசாயனக் கம்பெனி. 1999 வரை கால்பந்தும் சங்கத்துக்குள்தான் இருந்தது.

தொலைக்காட்சியில் தெரிவது இரண்டாவது அமைப்பு. ஒலிம்பிக் தங்கங்கள் எல்லாம் முதலாவதின் கணக்கு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தங்கங்களின் செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்வதே இல்லை.

பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியோடு ஏதாவது உறவு உண்டா?

இல்லை. அது பவேரியா மாநிலத்தின் பெயர். இது ஃப்ரீட்ரிஷ் பேயர் என்ற தொழிலதிபரின் பெயர்.

ஊருக்கு முன்பே கம்பெனி வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1860களின் தொடக்கத்தில் கார்ல் லெவர்குஸ் என்பவர் வீஸ்டோர்ஃப் என்ற கிராமத்துப் பக்கம் நீலச்சாய ஆலை ஒன்றைக் கட்டி, அந்த இடத்துக்குத் தன் குடும்பப் பெயரை ஒட்டி லெவர்குசன் என்று பெயர் வைத்தார். 1863ல் பார்மெனில் தொடங்கி, பிறகு எல்பர்ஃபெல்டில் இயங்கிவந்த பேயர் கம்பெனிக்கு வுப்பர் பள்ளத்தாக்கில் இடம் போதவில்லை. 1891ல் லெவர்குஸின் நிலத்தை வாங்கியது. 1912ல் தலைமையகத்தையும் இங்கே மாற்றியது. வீஸ்டோர்ஃப், ஷ்லேபுஷ், ஸ்டைன்பூகல், ரைன்டோர்ஃப் ஆகிய நான்கும் சேர்ந்து லெவர்குசன் என்ற நகரமானது 1930ல்தான். அதாவது, நகரத்தைவிட விளையாட்டுச் சங்கத்துக்கு 26 வயது அதிகம்.

சங்கம் எப்படித் தொடங்கியது?

ஒரு விண்ணப்பக் கடிதத்தில். 1903 நவம்பர் 27 அன்று வில்ஹெல்ம் ஹவுஷில்ட் என்ற ஊழியர், உடன் வேலை செய்த 170 பேரின் கையெழுத்தோடு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆலை சார்பில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் தொடங்க கம்பெனி கைகொடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நிர்வாகம் ஒத்துக்கொண்டது. 1904 ஜூலை 1 அன்று 'ஜிம்னாஸ்டிக்ஸ் மற்றும் ஆட்டச் சங்கம் 1904' உருவானது. பெயரின் வாலில் கம்பெனியின் முழுப்பெயரும் ஒட்டியிருந்தது. பெயரில் இன்றும் நிற்கிற '04' அந்த ஆண்டுதான்.

கால்பந்து உடனே வரவில்லை. 1907 மே 31ல்தான் சங்கத்துக்குள் கால்பந்துப் பிரிவு உருவானது. 'கால்பந்து அணி 1904ல் பிறந்தது' என்று எழுதுகிறவர்கள் தாய்ச் சங்கத்தின் வயதைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்.

சாயமும் மருந்தும் விற்கும் கம்பெனி விளையாட்டுக்கு ஏன் பணம் கொடுத்தது?

அன்றைய லெவர்குசன் வயல்காடு. திறமையான வேதியியலாளரும் தொழிலாளியும் எல்பர்ஃபெல்டு, கொலோன் போன்ற ஊர்களை விட்டு அங்கே வந்து தங்க மனசு வைக்க வேண்டும். கம்பெனியை நடத்திய கார்ல் டூஸ்பெர்க் இதைக் கணக்கோடு அணுகினார். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள், நூலகம், பொழுதுபோக்கு அரங்கம், இசைக்குழு என்று ஒவ்வொன்றாக வந்தன. விளையாட்டுச் சங்கமும் அந்த வரிசையில் ஒன்று.

இதைத் தர்ம காரியமாக மட்டும் பார்ப்பது தவறு. வேலை முடிந்த பிறகும் ஆட்கள் கம்பெனியின் எல்லைக்குள்ளேயே இருந்தால் வேறு ஆலைக்குத் தாவுவது குறையும். தொழிற்சங்கம், அரசியல் பக்கம் போகும் நேரமும் குறையும். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் சோஷலிஸ்ட் தொழிலாளர்களுக்கென்றே தனி விளையாட்டுச் சங்கங்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பணம் கொடுத்தவர் கையில் பிடியும் இருந்தது. இந்தச் சங்கத்தின் பெரிய திருப்பங்கள் பலவற்றில் உறுப்பினர் கூட்டத்தைவிடக் கம்பெனி அலுவலகத்தின் முடிவுதான் எடை கூடியதாக இருந்திருக்கிறது.

1928ல் சங்கம் ஏன் உடைந்தது?

லெவர்குசனில் மட்டும் நடந்த தகராறு அல்ல இது. ஜெர்மனி முழுக்க ஓடிய விரிசல்.

ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் மரபு ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் 1811ல் பெர்லினின் ஹாசன்ஹைடேயில் திறந்த பயிற்சித் திடலிலிருந்து வருகிறது. நெப்போலியன் படை நாட்டைப் பிடித்திருந்த நேரம் அது. உடற்பயிற்சியோடு தேசப்பற்றும் அரசியலும் கலந்தே வளர்ந்தன. அதற்குப் பயந்துதான் பிரஷ்ய அரசு 1820 முதல் 1842 வரை அந்தத் திடல்களைத் தடை செய்தது. இந்த மரபுக்காரர்களுக்குக் கூட்டமாக, ஒழுங்காக, உடம்பு முழுவதையும் பயிற்றுவதே முக்கியம். இங்கிலாந்திலிருந்து வந்த கால்பந்தும் ஓட்டப் பந்தயமும் நேர் எதிர்: யார் முதலில், எத்தனை விநாடி, எத்தனை கோல்.

1920களின் தொடக்கத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பும் விளையாட்டுக் கூட்டமைப்புகளும் கணக்கைத் தீர்த்துக்கொண்டன. ஒரே சங்கம் இரண்டு பக்கமும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று முடிவானது. அதுவரை ஒரே பெயரில் லீக் ஆட்டத்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் விழாவுக்கும் போய்வந்த சங்கங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம். பல ஊர்களில் சங்கங்கள் இரண்டாகின. லெவர்குசனில் அது 1928 ஜூனில் நடந்தது.

பாகப்பிரிவினை சுவாரசியமானது. கால்பந்துக்காரர்கள் தனியே போகும்போது ஹேண்ட்பால், கையால் குத்தி ஆடும் ஃபவுஸ்ட்பால், தடகளம், குத்துச்சண்டை ஆகியவற்றையும் கூட்டிப்போனார்கள். அது எஸ்வி பேயர் 04 ஆனது. பழைய பெயரோடு நின்றது ஜிம்னாஸ்டிக்ஸ் தரப்பு. ஆனால் சிவப்பு–கறுப்பு நிறங்களை எடுத்துப் போனது வெளியேறியவர்கள். பழைய வீட்டில் இருந்தவர்கள் நீலம்–மஞ்சளுக்கு மாற வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் படியளந்தது அதே கம்பெனிதான்.

நாஜிக் காலத்தில் என்ன நடந்தது?

1925லேயே பேயர், ஐஜி ஃபார்பென் என்ற மாபெரும் ரசாயனக் கூட்டுக்குள் போய்விட்டது. 1933க்குப் பிறகு ஜெர்மனியில் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. யூதர்கள் சங்கங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எஞ்சிய சங்கங்கள் எல்லாம் அரசின் ஒரே விளையாட்டு அமைப்பின் கீழ் வந்தன. ஆலைச் சங்கங்களுக்கு இழப்பு குறைவு, ஏனென்றால் அவை ஏற்கெனவே முதலாளியின் அரவணைப்பில் இருந்தவை. கால்பந்து அணியின் சட்டையில் கம்பெனியின் சின்னமான பேயர் சிலுவை முதன்முதலில் ஏறியது 1936ல். போர்க்காலத்தில் லெவர்குசன் ஆலையில் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். ஆலையின் கதையிலிருந்து பிரிக்க முடியாத சங்கம் என்பதால் இதைத் தாண்டிக் குதித்து 1950க்குப் போய்விட முடியாது.

பிரிந்த இரண்டும் எப்போது சேர்ந்தன?

1984ல். டிஎஸ்வி பேயர் 04 லெவர்குசன் என்ற இன்றைய பெயர் அப்போது வந்தது. 56 ஆண்டுகள் தனித்தனி நிர்வாகம், தனித்தனி அலுவலகம், பணம் மட்டும் ஒரே பெட்டியிலிருந்து என்றிருந்த ஏற்பாடு செலவு கணக்கில் நிற்கவில்லை. உடைத்த கொள்கைச் சண்டையை அதற்குள் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

இந்தச் சங்கம் தடகளத்தில்தான் பெரிய ஆள் என்பார்களே, அப்படி என்ன சாதனை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல் பெரிய பெயர் வில்லி ஹோல்டோர்ஃப். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து போட்டிகள் கொண்ட டெகத்லானில் தங்கம். அந்தப் போட்டியில் ஜெர்மானியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கடைசிப் போட்டியான 1,500 மீட்டரைத் தொடங்கும்போது அவர் முன்னிலையில் இருந்தார். சோவியத் அணிக்காக ஓடிய எஸ்டோனியர் ரெய்ன் ஆவுன் 4 நிமிடம் 22.3 விநாடியில் முடித்துவிட்டார். 12 விநாடி கழித்து, தள்ளாடிக்கொண்டே கோட்டைத் தாண்டி ஹோல்டோர்ஃப் அப்படியே சரிந்து விழுந்தார். கூட்டிப் பார்த்தால் 7,887க்கு 7,842. வித்தியாசம் 45 புள்ளி. பிற்காலத்தில் இதே மனிதர் ஃபோர்டுனா கொலோன் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகவும் கொஞ்ச நாள் இருந்தார்.

அடுத்தது 1972 மியூனிக். ஹைடே ரோசெண்டால் நீளம் தாண்டுதலில் 6.78 மீட்டர் தாண்டினார். பல்கேரியாவின் டயானா யோர்கோவா 6.77. ஒரே ஒரு சென்டிமீட்டரில் தங்கம், அதுவும் சொந்த நாட்டில். ஐந்து போட்டிகள் கொண்ட பெண்டத்லானில் நிலைமை தலைகீழ்: பிரிட்டனின் மேரி பீட்டர்ஸிடம் 10 புள்ளியில் தங்கத்தை விட்டு வெள்ளி. பிறகு 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று அவருடையது. பக்கத்துத் தடத்தில் துரத்தியவர் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனியின் ரெனாட்டே ஸ்டெஹர். நீளம் தாண்டும் வீராங்கனை அவரை முந்தவிடாமல் 42.81 விநாடியில் கோட்டைத் தொட்டார்.

பிறகு உயரம் தாண்டுதல் வந்தது. உல்ரிகே மைஃபார்ட் 1984 லாஸ் ஏஞ்சலஸில் 2.02 மீட்டர், தங்கம். ஹைக்கே ஹெங்கல் 1992 பார்சிலோனாவில் அதே 2.02 மீட்டர், தங்கம். அதே ஆண்டு ஹெங்கல் உள்ளரங்கில் 2.07 மீட்டர் தாண்டி உலக சாதனையும் வைத்தார். ரோசெண்டால், மைஃபார்ட், ஹெங்கல் மூவருக்கும் லெவர்குசனில் பயிற்சியாளர் ஒருவரே: கெர்ட் ஓசன்பெர்க். இந்தச் சங்கத்தின் வரலாற்றில் கோப்பை தூக்கிய எந்தக் கால்பந்துப் பயிற்சியாளரைவிடவும் இவருக்கு எடை அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

2009 பெர்லின் உலகப் போட்டியில் ஸ்டெஃபி நேரியஸ் ஈட்டியை முதல் எறியிலேயே 67.30 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார், 37 வயதில். மற்றவர்கள் மிச்ச ஐந்து எறிகளிலும் அதை எட்டவில்லை. ரோசெண்டாலின் மகன் டானி எக்கர் இதே சங்கத்துக்காகக் கோலூன்றித் தாண்டுதலில் 6 மீட்டரைத் தொட்டவர்.

தடகளத்துக்கு வெளியே ஒலிம்பிக் தங்கம் என்றால் 2008 பெய்ஜிங்கில் வாள்வீச்சின் எப்பே பிரிவில் பிரிட்டா ஹைடெமன்.

மைஃபார்ட் 1972லேயே தங்கம் வென்றாரே, அதுவும் லெவர்குசன் கணக்குதானே?

இல்லை. பட்டியல்களில் அடிக்கடி வரும் பிழை இது. 1972ல் 16 வயதில் 1.92 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது அவர் பக்கத்து ஊரான வெஸ்ஸலிங்கைச் சேர்ந்தவர். லெவர்குசனுக்கு வந்தது பின்னால்தான். நடுவில் சில ஆண்டுகள் உயரம் கூடாமல் தவித்தார். 1976 மான்ட்ரியலில் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. இரண்டு தங்கங்களுக்கும் இடையே 12 ஆண்டு இடைவெளி. லெவர்குசனுக்குச் சேரவேண்டியது இரண்டாவது தங்கமும், 1983ல் லண்டனில் தாண்டிய 2.03 மீட்டர் உலக சாதனையும்.

மார்குஸ் ரேம் விவகாரம் என்ன? செயற்கைக் காலோடு தாண்டியவரை ஏன் ஒலிம்பிக்கில் விடவில்லை?

நீளம் தாண்டும் வீரரான ரேம் 2003ல், 14 வயதில், நீர்ச்சறுக்குப் பலகை விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். தொழிலால் செயற்கை உறுப்புகள் செய்பவர். லெவர்குசனில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் மேலே சொன்ன ஸ்டெஃபி நேரியஸ்.

2014ல் உல்ம் நகரில் நடந்த ஜெர்மன் தேசியப் போட்டியில் – மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி அல்ல, பொதுப் போட்டி – 8.24 மீட்டர் தாண்டி முதலிடம் பெற்றார். அடுத்து வந்த கிறிஸ்டியன் ரைஃப் 8.20. ரேம் தேசிய சாம்பியன் ஆனார். ஆனால் அதே ஆண்டு ஐரோப்பியப் போட்டிக்கு ஜெர்மன் தடகள அமைப்பு அவரை அனுப்பவில்லை.

சிக்கல் எங்கே என்றால், அவர் உந்தித் தாண்டுவது செயற்கைக் காலில். கார்பன் நாரில் செய்த வளைந்த தகடு அது. மிதிக்கும்போது அமுங்கி, விடும்போது விரியும். மனிதக் கணுக்கால் உந்தும்போது கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. இந்தத் தகடு அதிகம் திருப்பிக் கொடுக்கிறது. மறுபக்கம், அதே தகடு ஓடிவரும்போது இடைஞ்சல். இரண்டு கால்காரர்களின் வேகத்தை அவரால் எட்ட முடியவில்லை. 2016ல் வெளியான ஆய்வும் இரண்டையும் சொன்னது: ஓட்டத்தில் பாதகம், உந்தலில் சாதகம். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் யார் பக்கம் என்பதற்கு உறுதியான எண் கிடைக்கவில்லை. இதற்கிடையே 2015ல் உலகத் தடகள அமைப்பு விதியை மாற்றிவிட்டது: சாதகம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வீரர்தான். நிரூபிக்க முடியாததை நிரூபிக்கச் சொன்ன விதி அது. 2016 ரியோவுக்கும் 2021ல் நடந்த டோக்கியோவுக்கும் ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை.

பாராலிம்பிக்கில் 2012 முதல் 2024 வரை நான்கு முறையும் நீளம் தாண்டுதல் தங்கம் அவருக்கே. 2023ல் ரேடே என்ற ஊரில் 8.72 மீட்டர் தாண்டினார். எந்தப் பொது ஒலிம்பிக்கில் வைத்தாலும் பதக்கத் தூரம்.

லெவர்குசனின் மாற்றுத்திறனாளிகள் பிரிவு ரேமோடு முடிந்துவிடவில்லை. 2012 லண்டனில் 100 மீட்டர் தங்கம் வென்ற ஹைன்ரிஷ் போபோவும், டோக்கியோவில் 400 மீட்டர் வென்ற யோஹன்னஸ் ஃப்ளோர்ஸும் இங்கே வளர்ந்தவர்கள்தான். எல்லாத் தரப்பினரும் ஒரே தடத்தில், ஒரே பயிற்சியாளர் கூட்டத்தோடு பயிற்சி செய்வது அங்கே பழகிப்போன காட்சி.

கூடைப்பந்தில் 14 பட்டம் வென்ற அணி ஏன் முதல் டிவிஷனில் இல்லை?

1970, 71, 72, 76, 79, 85, 86, பிறகு 1990 முதல் 1996 வரை தொடர்ந்து ஏழு. மொத்தம் 14. அந்த ஏழுக்கும் பயிற்சியாளர் டிர்க் பவர்மன். 1993ல் மியூனிக்கில் ஜெர்மனி ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது, ரஷ்யாவுக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் கூடையும் போட்டு, தவறுக்குக் கிடைத்த ஃப்ரீத்ரோவையும் போட்டு 71–70 ஆக்கிய கிறிஸ்டியன் வெல்ப் லெவர்குசன் வீரர். அமெரிக்காவின் என்பிஏவில் பெயர் எடுத்த டெட்லெஃப் ஷ்ரெம்ப்ஃப் பிறந்ததும் விளையாட்டைக் கற்றதும் இந்த ஊரில்தான்.

2007ல் பேயர் கம்பெனி தன் விளையாட்டுச் செலவைத் திருத்தி அமைத்தது. தொழில்முறைக் கூடைப்பந்துக்கு இனிப் பணம் இல்லை என்றானது. முதல் டிவிஷன் லைசென்ஸ் 2008ல் டூசல்டோர்ஃப் நகரத்துக்குப் போனது. லெவர்குசனில் மிஞ்சியவர்கள் கீழ் டிவிஷனிலிருந்து மறுபடி ஏற ஆரம்பித்தார்கள். ஆட்டத்தில் தோற்று இறங்கியதில்லை. பட்ஜெட்டில் ஒரு வரி அடிபட்டதில் இறங்கியது. ஒற்றை ஸ்பான்சரை நம்பும் அணிக்கு இதுதான் நிரந்தர ஆபத்து: ரசிகர் கூட்டம், டிக்கெட், உள்ளூர் விளம்பரதாரர் என்ற மாற்று வழிகள் வளரவே இல்லை, ஏனென்றால் அதுவரை தேவைப்படவில்லை.

ஹேண்ட்பால்?

பெண்கள் அணிக்கு 12 ஜெர்மன் பட்டங்கள்: 1965, 66, 73, 74, 79, 80, பிறகு 1982 முதல் 87 வரை இடைவிடாமல். 1980களில் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இந்த அணிக்கு ஈடு இல்லை.

பேயர் பெயரில் வேறு ஊர்களிலும் அணிகள் இருக்கின்றனவே?

ஆலை இருந்த இடமெல்லாம் சங்கமும் இருந்தது. டோர்மாகனில் ஹேண்ட்பாலும் வாள்வீச்சும், வுப்பர்டாலில் வாலிபால், யூர்டிங்கனில் கால்பந்து. பேயர் யூர்டிங்கன் 1985ல் பேயர்ன் மியூனிக்கை 2–1 என வென்று ஜெர்மன் கோப்பையைத் தூக்கியது. 1986 மார்ச்சில் டைனமோ டிரெஸ்டனுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் 0–2 தோல்வி, இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் 1–3 பின்னடைவு. முடிவில் 7–3 வெற்றி. 1995ல் கம்பெனி கையை எடுத்தது. பெயர் கேஎஃப்சி யூர்டிங்கன் ஆனது. அதற்குப் பிறகு டிவிஷன் டிவிஷனாக இறக்கம், பலமுறை திவால். லெவர்குசனிலும் பணம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் யூர்டிங்கனைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

கால்பந்து 1999ல் ஏன் பிரிந்தது? '50+1' விதி லெவர்குசனுக்குப் பொருந்தாதா?

1998 வரை ஜெர்மன் லீகில் ஆட வேண்டுமானால் உறுப்பினர் சங்கமாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜெர்மன் கால்பந்துச் சங்கம், கால்பந்துப் பிரிவைத் தனி நிறுவனமாக மாற்ற அனுமதித்தது. ஒரு நிபந்தனையோடு: வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்று தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும். வெளியாள் எவ்வளவு பணம் போட்டாலும் கடைசி வார்த்தை உறுப்பினர்களுடையது. அதுதான் 50+1.

விதிவிலக்கும் கூடவே எழுதப்பட்டது. 1999 ஜனவரி 1க்கு முன் 20 ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் ஒரு அணியைத் தாங்கிய நிறுவனம் முழுக் கட்டுப்பாட்டையும் வைத்துக்கொள்ளலாம். பேயருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வாசகம். ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க்கும் இதில் வந்தது. ஹோஃபன்ஹைம் பின்னால் சேர்ந்து, 2023ல் அந்தச் சலுகையை விட்டுக்கொடுத்தது.

நடைமுறையில் இதன் பொருள்: டிஎஸ்வி உறுப்பினராகச் சேர்ந்து சந்தா கட்டினாலும் கால்பந்து அணியின் பயிற்சியாளர், தலைவர், டிக்கெட் விலை எதிலும் உங்களுக்கு வாக்கு இல்லை. டோர்ட்முண்ட் ரசிகருக்குத் தன் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கைதூக்க முடியும். லெவர்குசன் ரசிகருக்கு முடியாது. மற்ற அணி ரசிகர்கள் இவர்களை 'மாத்திரை உருட்டுபவர்கள்' என்று சீண்டுவதன் பின்னணி இது. லெவர்குசன்காரர்கள் 'ஆலை அணி' என்ற பெயரை வெட்கப்படாமல் தாங்களே சூட்டிக்கொண்டார்கள்.

கால்பந்துச் சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1979ல் முதல் டிவிஷன். அதன்பின் இறங்கவே இல்லை. 1988 யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் எஸ்பான்யோலிடம் முதல் ஆட்டம் 0–3. இரண்டாவது ஆட்டத்தில் 3–0 எடுத்துச் சமன் செய்து பெனால்டியில் வென்றார்கள். மூன்றாவது கோலைத் தலையால் போட்டவர் தென்கொரியாவின் சா பூம்-குன். 1993ல் ஜெர்மன் கோப்பை.

2000ல் கடைசி நாள் உன்டர்ஹாஹிங்கில் டிரா செய்தால் லீக் பட்டம். லெவர்குசன் வீரர் பல்லாக் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார், 0–2 தோல்வி. பேயர்னோடு இருவருக்கும் 73 புள்ளி, கோல் வித்தியாசத்தில் பட்டம் போனது. 2002ல் மூன்று ஆட்டம் மிச்சமிருக்க ஐந்து புள்ளி முன்னிலை. கடைசியில் டோர்ட்முண்டிடம் ஒரு புள்ளியில் இழப்பு. கோப்பை இறுதியில் ஷால்கேயிடம் 2–4. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 1–2. ஒரே மாதத்தில் மூன்று இரண்டாமிடம்.

2023–24ல் சாபி அலோன்சோவின் பயிற்சியில் 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 51 ஆட்டம் தோல்வியின்றிப் போனபின், டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டா 3–0 என்று முடித்துவைத்தது. மூன்றாம் நாள் கைசர்ஸ்லவுட்டர்னை 1–0 என வென்று ஜெர்மன் கோப்பையையும் எடுத்தார்கள்.

ஜெர்மனியில் இப்படி ஒரு சங்கத்தைச் சட்டப்படி எப்படி நடத்துகிறார்கள்? உறுப்பினராவது எப்படி?

பதிவு செய்ய குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். பெயர், ஊர், நோக்கம், உறுப்பினர் சேரும்–விலகும் முறை, நிர்வாகக் குழு ஆகியவற்றைச் சொல்லும் சட்டதிட்டத்தை உள்ளூர் நீதிமன்றத்தின் சங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே போனால் நீதிமன்றம் சட்ட அந்தஸ்தைப் பறித்துவிடும். உச்ச அதிகாரம் உறுப்பினர் பொதுக்கூட்டத்துக்கு. பொதுநலச் சங்கம் என்ற வரிச்சலுகை வேண்டுமானால் லாபத்தை யாருக்கும் பிரித்துக் கொடுக்கக் கூடாது. கோடிகள் புரளும் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாக ஒதுக்குவதற்கு இது முக்கியக் காரணம்: அணி நொடித்தால் குழந்தைகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பும் சேர்ந்து மூழ்கக் கூடாது.

சேருவது பெரிய சங்கங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி. முதலில் பிரிவைத் தேர்ந்தெடுத்து ஒன்றிரண்டு இலவச வகுப்புக்குப் போய்ப் பார்ப்பது. பிறகு விண்ணப்பமும் வங்கிக் கணக்கிலிருந்து சந்தா எடுக்க அனுமதியும். அடிப்படைச் சந்தா ஒன்று, பிரிவுக்கான கூடுதல் தொகை வேறு. ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் விலகும்போது: வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் உறுப்பினர் பதவி முடிந்துவிடாது. சட்டதிட்டத்தில் சொன்ன கெடுவுக்குள், பெரும்பாலும் அரையாண்டு அல்லது ஆண்டு இறுதிக்கு முன், எழுத்தில் விலகல் கொடுக்க வேண்டும். கெடு தவறினால் அடுத்த காலத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள்.

பழைய முடிவுகளைத் தேடும்போது எந்தப் பெயரில் பார்ப்பது?

ஆண்டைப் பொறுத்தது. 1904 முதல் 1928 வரை எல்லாமே துஸ் 1904 ('ஜிம்னாஸ்டிக்ஸ் மற்றும் ஆட்டச் சங்கம்' என்பதன் ஜெர்மன் சுருக்கம்தான் துஸ்). 1928 முதல் 1984 வரை இரண்டு பெயர்கள்: கால்பந்துக்கு எஸ்வி பேயர் 04, ஜிம்னாஸ்டிக்ஸ் தரப்புக்கு துஸ் 04. 1928ல் தடகளம் கால்பந்துக்காரர்களோடு போயிருந்தாலும், 1970களின் கூடைப்பந்து, தடகளப் பட்டியல்களில் துஸ் 04 லெவர்குசன் என்றே இருக்கும். 1984க்குப் பிறகு டிஎஸ்வி பேயர் 04. கால்பந்துக்கு மட்டும் 1999 முதல் நிறுவனப் பெயர். 1930க்கு முந்திய செய்தித்தாள்களில் ஊர்ப்பெயர் வீஸ்டோர்ஃப் என்றும் வரக்கூடும். அதை வேறு அணி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

கொலோனிலிருந்து எஸ்6 ரயிலில் லெவர்குசன் மிட்டே நிலையம் வரை போகலாம். அங்கிருந்து பே அரீனா நடக்கும் தூரம். 1958ல் உல்ரிஷ் ஹாபர்லாண்ட் ஸ்டேடியம் என்று திறந்து, 1998ல் பெயர் மாறியது. 30,210 பேர் கொள்ளும். அரங்கத்தைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு ஆட்டம் இல்லாத நாட்களில்தான் இருக்கும். தடகளம் அங்கே இல்லை. அது கால்க்ஸ்ட்ராஸேயில் உள்ள ஃப்ரிட்ஸ் யாக்கோபி திடலில். ஆலைப் பக்கம் இருட்டிய பிறகு போனால் 51 மீட்டர் விட்டமுள்ள பேயர் சிலுவை விளக்குகளோடு தெரியும். பகலில் போனால் அது இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொங்கும் கம்பிவலை, அவ்வளவுதான்.